தெருவில் வைக்கோல் பரப்பினார்கள்! ஓபரா இசையை ரசிப்பது எப்படி?

1901-ம் ஆண்டு, ஜனவரி மாதம்.

இத்தாலி நாட்டில் மிலான் நகரம். அங்கே ஒரு பெரிய ஓட்டலின் முன்னால், தெரு முழுவதும் வைக்கோல் பரப்பப்பட்டது.

ஏன் தெரியுமா?

குதிரை வண்டிகள் ஓடும் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது என்பதற்காக! அந்த ஓட்டலின் ஓர் அறையில், 87 வயதுக் கிழவர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடந்தார்.

அவர் அரசர் அல்ல. மந்திரியும் அல்ல. கிராமத்தில் சத்திரம் நடத்தியவரின் மகன். பெயர் வெர்டி. ஓபராக்களுக்கு இசை அமைத்தவர்.

இசை அமைத்த ஒருவரிடம் மக்களுக்கு ஏன் அவ்வளவு பாசம்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஓபராவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடிக்கொண்டே சாவார்கள்!

ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். காதலியிடம் பேசுவதும் பாட்டுத்தான். எதிரியை மிரட்டுவதும் பாட்டுத்தான். சாகும்போதுகூடப் பாடிக்கொண்டேதான் சாவார்கள்!

"உயிர் போகும் நேரத்தில் இவ்வளவு நேரமா பாடுவார்கள்?" என்று, முதல் தடவை பார்ப்பவர்கள் சிரிப்பது உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஓபராவில் தனியாகப் பாடும் பாட்டு இரண்டு வகை. ஒன்று, பேச்சுப் போல வேகமாகப் போகும். கதை நகருவது இதில்தான். மற்றொன்றின் பெயர் அரியா. இது வந்ததும் கதை நின்றுவிடும். பாடுகிறவரின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறோம். ஒரு நொடியில் நெஞ்சில் எழும் துக்கத்தைச் சொல்ல, ஐந்து நிமிடம் வேண்டாமா?

பலர் கூடிப் பாடுவதற்குக் கோரஸ் என்று பெயர்.

பழைய முறைப்படி, ஓபராக் கொட்டகையில் பாடகர்களுக்கு மைக் கிடையாது. பத்துக் கணக்கான வாத்தியங்கள் முழங்கும்போது, அவற்றையும் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி வெறும் தொண்டையால் பாட வேண்டும். அதற்குப் பல வருடப் பயிற்சி தேவை.

நாலு குடும்பங்கள்

மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். வாத்தியக்காரர்கள் அதில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். அதை நாலு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நரம்பு வாத்தியக் குடும்பம். நமக்குத் தெரிந்த பிடில் இதில் சேர்ந்தது. பிடிலுக்கு அண்ணன் வயோலா. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது செல்லோ. ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும் தாத்தா, டபுள் பாஸ்.

இரண்டாவது, குழல் குடும்பம். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். நாதசுரத்துக்குச் சீவாளி இருப்பது போல, ஓபோவுக்கும் நாணலில் செய்த சீவாளி உண்டு. கச்சேரி தொடங்கும் முன்பு ஓபோ ஒரு சுரம் கொடுக்கும். மற்றவர்கள் அதற்குத் தகுந்தபடி சுருதி சேர்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, பித்தளைக் குடும்பம். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா.

நாலாவது, முரசுக் குடும்பம்.

இத்தனை பேரையும் ஒரே ஆள் கையசைத்து நடத்துகிறார். அவர்தான் கண்டக்டர். அவர் எந்த வாத்தியமும் வாசிப்பது இல்லை. ஆனால் அவர் கை நின்றால் எல்லாம் நிற்கும்!

குழந்தைகளுக்கு ஒரு கதை

வாத்தியங்களின் குரலை அடையாளம் காண்பது எப்படி?

ரஷிய நாட்டு இசை மேதை புரோகோபியேவ், 1936-ம் ஆண்டில் இதற்கு ஒரு வழி செய்தார். "பீட்டரும் ஓநாயும்" என்று ஒரு கதைக்கு இசை அமைத்தார். அதில் பறவை வந்தால் புல்லாங்குழல் ஒலிக்கும். வாத்து வந்தால் ஓபோ. பூனைக்குக் கிளாரினெட். முணுமுணுக்கும் தாத்தாவுக்கு பசூன். ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள். சிறுவன் பீட்டருக்கு நரம்பு வாத்தியங்கள்.

அரை மணி நேரம்கூட ஆகாது. கேட்டு முடித்ததும், ஒன்றாக இரைந்த சத்தம் தனித்தனிக் குரலாகப் பிரிந்து தெரியும்.

அடி மேல் அடி

இனி வெர்டியின் கதைக்கு வருவோம்.

வாலிபத்தில், மிலான் நகரின் இசைக் கல்லூரியில் சேர மனுப் போட்டார். இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்! அவர் தளரவில்லை. தனியாகப் படித்தார்.

1836-ல் திருமணம் நடந்தது. ஒரு பெண், ஒரு பிள்ளை பிறந்தார்கள். 1838-ல் பெண் குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டு ஆண் குழந்தையும் இறந்தது. 1840-ல் மனைவியும் கண்ணை மூடினாள்.

இந்தச் சோகத்துக்கு இடையே அவர் எழுதி முடிக்க வேண்டியிருந்தது என்ன தெரியுமா? ஒரு சிரிப்பு நாடகம்! அது படுதோல்வி அடைந்தது.

"இனி இசையே வேண்டாம்" என்று வெர்டி முடிவு செய்தார்.

அப்போது ஒரு கொட்டகை நிர்வாகி, புதுக் கதை ஒன்றை அவர் கையில் திணித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்த வெர்டி, அந்தக் காகிதக் கட்டை மேஜை மீது வீசி எறிந்தார். கட்டு பிரிந்து ஒரு பக்கம் திறந்துகொண்டது. அதில் இருந்த வரிகள் அவரைப் பிடித்து நிறுத்தின. இதை வெர்டியே பிற்காலத்தில் சொன்னார்.

அது, நாட்டை இழந்து பாபிலோனில் அடிமைகளாகக் கிடக்கும் யூதர்கள், நதிக்கரையில் சொந்த ஊரை நினைத்துப் பாடும் பாட்டு.

எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களின் பாட்டு, எல்லாவற்றையும் பறிகொடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்தது!

"நபுக்கோ" என்ற அந்த ஓபரா, 1842 மார்ச் 9-ந் தேதி மிலான் நகரில் அரங்கேறியது. பெரிய வெற்றி! அப்போது அந்த நகரம் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. பிற்காலத்தில் இத்தாலிய மக்கள், அந்த அடிமைகளின் பாட்டைத் தங்கள் பாட்டாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

கேட்டுப் பாருங்கள்

இப்போது செல்போனிலேயே இதைக் கேட்கலாம். "நபுக்கோ" கோரஸ் என்று தேடினால் கிடைக்கும். சுமார் ஐந்து நிமிடப் பாட்டு.

முதல் தடவை, கதையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கும். கூட்டம் முழுவதும் ஒரே குரலாகப் பாடும். நடுவில் சட்டென்று குரல்கள் பல கிளைகளாகப் பிரிந்து ஓங்கும். முடிவில் பெருமூச்சுப் போல அடங்கும்.

இரண்டாவது தடவை, பின்னால் வரும் வாத்தியங்களைக் கேளுங்கள். குழல் எது, நரம்பு எது என்று குழந்தைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பாஷை புரியவில்லையே என்று கவலை வேண்டாம். யார் பாடுகிறார்கள், எதற்காக ஏங்குகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

கடைசி வழி அனுப்பு

வெர்டி 1901 ஜனவரி 27-ந் தேதி காலமானார். தம் இறுதிச் சடங்கு எளிமையாக நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படியே நடந்தது.

வயதான ஏழை இசைக் கலைஞர்களுக்காக, அவர் மிலான் நகரில் தம் சொந்தப் பணத்தில் ஒரு விடுதி கட்டி வைத்திருந்தார். பிப்ரவரி மாதத்தில் அவர் உடல் அங்கே கொண்டு செல்லப்பட்டது. தெருக்களில் மக்கள் வெள்ளம்! சுமார் 800 பேர் கொண்ட பாடகர் குழு பாடியது. டாஸ்கனினி என்ற புகழ் பெற்ற கண்டக்டர் நடத்தினார்.

என்ன பாட்டு?

அதே பாட்டு. மேஜை மீது வீசி எறிந்தபோது திறந்த பக்கத்தில் இருந்த பாட்டு!