மலையின் கதையைச் சொல்லும் மணல்!

ஆற்றுக்குப் பல நூறு அடி உயரத்தில் ஒரு குகை. அதற்குள் ஆற்று மணல்! வழவழப்பான கூழாங்கற்கள்!

மணல் இவ்வளவு உயரம் ஏறியது எப்படி?

மணல் ஏறவில்லை. ஆறுதான் இறங்கிவிட்டது!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா என்ற மலைத்தொடர் இருக்கிறது. கிங்ஸ் ஆறு அந்த மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அங்குள்ள பளிங்குப் பாறையைத் தண்ணீர் கரைத்ததால் குகைகள் உண்டாயின. குகை மட்டத்தில் ஆறு ஓடிய காலத்தில், மணலும் கற்களும் உள்ளே புகுந்தன. பிறகு ஆறு பள்ளத்தை ஆழமாக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. மணல் மேலேயே தங்கிவிட்டது.

மணல் உள்ளே போன காலம் தெரிந்தால், ஆறு அந்த உயரத்தில் ஓடிய காலமும் தெரிந்துவிடும் அல்லவா?

இரட்டைக் கடிகாரம்

வானவெளியில் இருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பூமியின்மீது பாய்ந்துகொண்டே இருக்கின்றன. வெளியே கிடக்கும் மணலில் அவை பட்டால், அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இருவகை அணுக்கள் உண்டாகும். பெரிலியம் 1 பங்கு என்றால், அலுமினியம் ஏறக்குறைய 7 பங்கு.

குகைக்குள் போய்விட்டால், மேலே உள்ள பாறை கதிர்களைத் தடுத்துவிடும். அப்புறம் வரவு இல்லை, செலவுதான்! அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிறது. பெரிலியம் பாதியாவதற்குச் சுமார் 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டிலும் மிச்சம் எவ்வளவு என்று ஒப்பிட்டால், மணல் புதைந்த காலம் தெரிந்துவிடும்.

சாணும் விரற்கடையும்

கிரெக் ஸ்டாக் என்ற விஞ்ஞானியும் அவரது தோழர்களும் இப்படிக் கணக்கிட்டு, 2004-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

27 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு முதல் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஆறு வேகமாக அறுத்தது. வேகம் என்றால், 1,000 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சாண்! பிறகு அதுவும் குறைந்தது. 1,000 ஆண்டுக்கு ஒரு விரற்கடைதான்!

மலை உயர்ந்ததா?

பூமிக்குள் இருந்து வரும் விசையால் மலை உயர்ந்தால், ஆற்றின் சரிவு கூடும். அறுக்கும் வேகமும் கூடும். தட்பவெப்பம் மாறினாலும் அப்படி ஆகலாம்.

சியரா நெவாடா, கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் உயர்ந்த மலை என்கிறார்கள் சிலர். இல்லை, பல கோடி ஆண்டுகளாகவே அது உயர்ந்து நிற்கிறது என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால், எந்தக் கட்சியாக இருந்தாலும், குகை மணல் தரும் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெளியே இருந்த பழைய தடங்களை மழையும் பனியும் அழித்துவிட்டன. குகைக்குள் ஒதுங்கிய மணல்தான் சாட்சியாக மிஞ்சியிருக்கிறது!