கற்கப் போன பிள்ளை கூலியாளாகிவிடக் கூடாது

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நிலம் இருந்த காலத்தில் இந்த மாதங்களைப் பற்றி நாம் யோசித்ததில்லை. பிள்ளை தகப்பனோடு தேயிலைக்கு உரம் போடப் போனது, தாயோடு கொழுந்து பறித்தது, விடியற்காலையில் இறப்பர் மரத்துக்குப் போனது. போகப் போகத் தொழிலும் கைவந்தது.

இன்று எம்மில் பலருக்கு அந்த நிலம் இல்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. வீடு கட்டச் சிறு காணி கிடைத்தாலும் பயிரிட நிலம் கிடைக்காத குடும்பங்கள் பல. தகப்பனிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்த தொழிலை இனி வெளியே போய்த்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தச் சில மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.

நாம் செய்த தவறு

ஆரம்பத்தில் நாமும் ஒரு தவறு செய்தோம். "பிள்ளையை அனுப்புங்கள்" என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் நன்றி சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது சில பிள்ளைகள் தரை கூட்டியிருந்தார்கள், தேநீர் வாங்கி வந்திருந்தார்கள், வாகனம் கழுவியிருந்தார்கள். ஒரு நட்டைக் கழற்றி மாட்டக்கூட அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. தரை கூட்டுவது இழிவல்ல. எந்தப் பயிலுநரும் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது மட்டுமே நடந்தால் அது பயிற்சியல்ல, சம்பளமில்லாத கூலி வேலை. குற்றம் முழுவதும் பட்டறைக்காரர் மீது அல்ல. பிள்ளை என்ன கற்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை.

எங்கே கேட்பது?

இலங்கையில் பயிலுநர் பயிற்சிக்குச் சட்டமே உண்டு. 1971ஆம் ஆண்டின் தேசிய பயிலுநர் சட்டத்தின் கீழ் ஒரு சபை அமைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதன் இடத்துக்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை வந்தது. மக்கள் இதைச் சுருக்கமாக 'நைட்டா' என்பார்கள். இது பிள்ளையை வேலைத்தலத்திலேயே வைத்துப் பயிற்றும் முறை. 1995இல் அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சி அதிகார சபையோ தனது நிலையங்களில் பாடநெறிகளை நடத்துகிறது. இரண்டிலும் எந்தத் தொழிலுக்கு எப்போது ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்பதை மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டறியலாம். பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். தமிழும் அரசகரும மொழி. கடிதத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம்.

அரச பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை தெரிந்த மேசன் பாசிடமோ, தச்சரிடமோ, கராஜிலோ பிள்ளையை விடுவதும் நல்லதே. ஆனால் கீழே சொல்லும் ஒழுங்குகள் அங்கேயும் வேண்டும்.

போகுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, பத்திரங்கள். வெள்ளத்திலும் மண்ணிலும் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். 15 வயது நிறைந்த பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்துப் பொலித்தீன் உறையில் இட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இரண்டாவது, வயது. 2021 முதல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 16. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குட்பட்டவர்களை ஈடுபடுத்தச் சட்டம் இடந்தராது. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாளில் கைக்குக் காசு வரும் என்ற ஆசையும் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளையைக் குழிக்குள் இறக்க வேண்டாம்.

மூன்றாவது, பேச்சு. பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு போய் நான்கு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை சொல்லிக்கொடுப்பீர்கள்? யார் சொல்லிக்கொடுப்பார்? எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை? பஸ் காசும் பகல் சாப்பாடும் உண்டா? நைட்டா மூலம் போனால் எழுத்து ஒப்பந்தம் இருக்கும். அதை வாசித்து விளங்கிய பின்னரே ஒப்பமிட்டுப் பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பி போதும்

பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த கருவி ஒரு கொப்பியும் பேனையும். ஒவ்வொரு நாளும் மாலையில் திகதியிட்டு மூன்று விடயங்களை எழுத வேண்டும். இன்று என்ன செய்தேன்? எந்தக் கருவியைப் பயன்படுத்தினேன்? எது விளங்கவில்லை? விளங்காததை மறுநாள் வேலை தொடங்குமுன் கேட்க வேண்டும். வேலையின் நடுவே கேட்டால் பாசுக்குக் கோபம் வரும்; காலையில் கேட்டால் பெரும்பாலும் சொல்லித் தருவார்.

இறப்பர்ப் பால்வெட்டை உதாரணமாக எடுப்போம். "இன்று பால் வெட்டினேன்" என்று எழுதினால் பயனில்லை. வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது என்று கேட்க வேண்டும். பட்டையிலுள்ள பால் குழாய்கள் நேராக மேலே போகாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வாக, சுமார் 30 பாகையில் வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம்? வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். பால் நன்றாக வடியும். ஏன் ஆழமாக வெட்டக் கூடாது? பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படையில் கத்தி பட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராமல் முண்டு முண்டாகிவிடும். பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. இந்த மூன்று 'ஏன்'களையும் அறிந்தவர் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தொழிலாளி. அறியாதவர் கத்தி பிடித்த கூலியாள்.

தேயிலை நாற்றுமேடைக்கும், ஒட்டு வேலைக்கும், தையலுக்கும், மின்னிணைப்புக்கும் இதே விதிதான். கை செய்வதைக் கண் பார்க்க வேண்டும். கண் பார்த்ததை வாய் கேட்க வேண்டும். கேட்டதைக் கொப்பி வைத்திருக்க வேண்டும்.

மொழியைப் பற்றி

சப்ரகமுவாவில் பல வேலைத்தலங்களில் சிங்களம்தான் பேச்சுமொழி. வெட்கத்தால் பேசாமல் நிற்கும் பிள்ளைக்கு வேலையும் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் கருவிகளின் பெயர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் படித்தால் போதும். ஒரு மாதத்தில் பட்டறைப் பேச்சு விளங்கும்.

பணத்தைப் பற்றி

இதை மறைக்காமல் பேச வேண்டும். இடம்பெயர்ந்த வீட்டில் ஒரு நாட்கூலியும் பெரிய காசு. பக்கத்துப் பிள்ளை கொழும்புக் கடைக்குப் போய்ச் சம்பளம் அனுப்பும்போது, எமது பிள்ளை கற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தாய்க்கு மனம் பொறுக்காது. இதற்கு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பதில் இல்லை. சில வீடுகளில் பிள்ளை வாரத்தில் ஒரு நாள் கூலிக்குப் போய், மிகுதி நாட்களில் தொழில் பழகுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் எத்தனை மாதம் பொறுப்பது என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பாதியில் நிறுத்தினால் கூலியும் போகும், தொழிலும் போகும்.

பாதுகாப்பு

பயிலுநர் என்பதால் உயிர் மலிவானதல்ல. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பயிலுநர் ஒப்பந்தத்தில் வேலை செய்பவரையும் உள்ளடக்குகிறது. விபத்து நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், அது வேலைத்தலத்தில் நடந்தது என்பதைப் பதிவு செய்யுங்கள். பிறகு தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும்போது இரவு வேலை உண்டா, போக்குவரத்து எப்படி, அங்கே வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் 1929, பெண்களுக்குப் பிரச்சினை என்றால் 1938 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கலாம். "வீட்டில் சொன்னால் ஏசுவார்கள்" என்ற பயம் பிள்ளைக்கு இருக்கக் கூடாது.

முடியும்போது

கடைசி நாளில் கைகுலுக்கி வந்துவிடாமல் ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் திகதிமுதல் எந்தத் திகதிவரை, என்னென்ன வேலை பழகினார் என்று எழுதி ஒப்பமிட்டால் போதும். இந்தக் கடிதமும் கொப்பியும் பிற்காலத்தில் உதவும். இலங்கையில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களாக உள்ளது. முதல் நான்கும் தொழிற் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். பாடநெறி படிக்காமல் வேலைத்தலத்தில் பழகியவர்களும், தமது அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டி, செய்முறையில் திறமையை நிரூபித்து இச்சான்றிதழைப் பெற வழி உண்டு. இருபது வருடம் மேசன் வேலை செய்த தகப்பன்மாருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

அன்பான பெற்றோரே, புனித பவுல் கூடாரம் செய்யும் தொழிலைக் கற்றிருந்தார். ஊர் ஊராக அலைந்த காலத்தில் அந்தத் தொழிலே அவருக்குச் சோறு போட்டது. நிலத்தை மலை மூடலாம், வீட்டை ஆறு கொண்டுபோகலாம். பிள்ளையின் கையில் ஏறிய தொழில் எந்த ஊருக்குப் போனாலும் அதனோடு போகும். இந்த வாரமே ஒரு கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் பிள்ளை கற்க விரும்பும் தொழிலின் பெயரைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மற்றவற்றை அங்கிருந்து தொடங்குவோம்.