மாட்டுத் தொட்டியும் நமது குடிநீரும்

குழாயில் தண்ணீர் எப்போதும் வெளியேதான் வரும் என்று நம்பியிருக்கிறோம். சில வேளைகளில் அது உள்ளேயும் போகும்.

மண்ணெண்ணெய்ப் பரலுக்குள் றப்பர்க் குழாயின் ஒரு முனையை விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. ஒருமுறை இழுத்துவிட்டால் எண்ணெய் தானாகவே வழியும். மாட்டுத் தொட்டியிலும் இதுவே நடக்கக்கூடும்.

பொதுக் குழாயில் றப்பர்க் குழாயை மாட்டி, அதன் முனையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறோம். அந்த நேரம் மின்சாரம் நின்று நீரிறைக்கும் இயந்திரம் ஓயலாம்; எங்காவது குழாய் வெடிக்கலாம். அமுக்கம் குறைந்ததும் குழாயில் உள்ள தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். ஓடும்போது தொட்டித் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துச் செல்லும். மாட்டின் எச்சிலும், சாணமும், சலமும் கலந்த அந்த நீர் அடுத்த வீட்டுப் பிள்ளையின் குவளைக்குப் போய்ச் சேரும்.

சாணத்தில் உள்ள கிருமிகளால் வயிற்றோட்டம் வரும். கால்நடைகளின் சலத்தால் எலிக்காய்ச்சலும் பரவும். கன்றுகளின் கழிச்சலில் உள்ள ஒருவகை நுண்ணுயிர் குளோரினுக்கும் இலகுவில் அடங்காது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடாவின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில், மழைநீரோடு மாட்டெரு குடிநீர்க் கிணற்றில் கலந்ததால் ஏழு பேர் இறந்தனர்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். வழி வேறாயினும் கேடு ஒன்றே.

இடம்பெயர்ந்த நமக்கு மாடும் ஆடுமே கையிருப்பு. அவற்றை விடத் தேவையில்லை. செய்ய வேண்டியவை இவைதான்:

1. குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கட்டும். இடைவெளி குழாய் வாயின் விட்டத்தைப் போல் இருமடங்கு இருக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குக் குறையவே கூடாது. இடையில் காற்று இருந்தால் தண்ணீர் திரும்ப ஏறாது.

2. றப்பர்க் குழாயைத் தொட்டிக்குள் அமிழ விடாதீர்கள். நிரப்பியதும் கழற்றிச் சுருட்டி வையுங்கள். வாளியால் அள்ளி ஊற்றுவது இன்னும் நல்லது.

3. ஒருவழி வால்வு பூட்டினாலும் இடைவெளியைக் கைவிட வேண்டாம். மணல் சிக்கினால் வால்வு மூடாது.

4. தொட்டியைப் பொதுக் குழாயடியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் தள்ளி, பள்ளமான பக்கத்தில் அமையுங்கள்.

தொட்டி நீர் உட்சென்றதாகச் சந்தேகம் வந்தால் மறைக்காதீர்கள். அயலவருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே சொல்லுங்கள். அதுவரை நீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஒரே குழாயில் பல குடும்பங்கள் குடிக்கிறோம். ஓர் அங்குல இடைவெளிக்குப் பணம் வேண்டியதில்லை. இன்றே உங்கள் தொட்டியை ஒருமுறை போய்ப் பாருங்கள்.