மேலாடையற்ற வெயிற்காய்வும் சிகிச்சை பெற்ற மார்பும்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சில பெரிய விடுதிகள் வயதுவந்தோருக்கென்றே தனி நீச்சல்குளங்களை நடத்துகின்றன. மாண்டலே பே விடுதியின் மூரியா பீச் கிளப் அத்தகையது. 21 வயது நிரம்பியோருக்கே அனுமதி. பெண்கள் விரும்பினால் மேலாடையின்றி வெயில் காயலாம். இதனை 'ஐரோப்பிய முறை' என்கிறார்கள். அது தகுமா என்பது எங்கள் துறைக்குரிய வினா அன்று. அந்த வெயில் தோலை என்ன செய்யும் என்பதையே நாங்கள் சொல்ல இயலும்.

லாஸ் வேகாஸ், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ள பாலைவன நகரம். கோடையில் மேகம் அரிது. குளத்துக்குள் இறங்கிவிட்டால் தப்பலாம் என்பதும் சரியன்று. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பிலுள்ள புற ஊதாக் கதிரில் சுமார் 40 விழுக்காடு எட்டும். நீர் சூட்டைத்தான் தணிக்கிறது, கதிரை முழுதும் தடுப்பதில்லை. எப்போதும் துணிக்குள் இருக்கும் மார்புத் தோலோ வெயிலுக்குப் பழகாதது, விரைவில் வெந்துவிடும். சிவப்பும் எரிச்சலும் சில மணி நேரம் கழித்தே தோன்றுவதால், குளக்கரையில் இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும்.

இதைவிட எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. புற்றுநோய்க்காக மார்பகத்தை நீக்கி மறுசீரமைப்புச் செய்துகொண்டவர்களுக்கு அப்பகுதியில் உணர்ச்சி நரம்புகள் பெரும்பாலும் அறுபட்டிருக்கும். வெயில் சுடுகிறது என்னும் எச்சரிக்கை அவர்களுக்கு வந்து சேராது. பக்கத்தில் இருப்பவர் நிழலுக்கு நகர்ந்த பின்னரும் அவர் அங்கேயே படுத்திருப்பார். கொப்புளத்தைக் கண்ட பிறகே தெரியவரும். அடர்நிற நீச்சலுடை வெயிலில் சூடேறி இத்தகைய தோலைச் சுட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஆகவே மூடியிருத்தல் மட்டும் போதாது, நிழலும் வேண்டும். வீட்டில் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்போரும் இதனை நினைவிற்கொள்க.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோல் ஆண்டுகள் கடந்தாலும் வெயிலைத் தாங்காது. சிகிச்சை நாள்களிலும் தோல் ஆறும்வரையிலும் குளோரின் கலந்த குளத்தில் இறங்க வேண்டாம். டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு வெயிற்புண் எளிதில் வரும். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலில் இருக்க நேர்ந்தால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசுங்கள். முலைக்காம்பையும் தழும்பையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறியவுடனும் மீண்டும் பூச வேண்டும். உணர்ச்சியற்ற பகுதி உடையவருடன் செல்பவர், அவ்வப்போது அவ்விடத்தைக் கண்ணால் பார்த்து, புறங்கையால் தொட்டும் பாருங்கள். சூடாக இருந்தால், அவர் வலியில்லை என்று சொன்னாலும், உடனே நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.