துரியன், வெடிப்பலா, வலம்புரி: மால்வேசிக் குடும்பத்தின் மறுவரையறையும் தமிழ்த் தாவரப் பெயர்களும்
(காவிரிப் படுகைத் தாவரங்களை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

துரியன் மரம் நெடுங்காலம் இலவ மரத்தின் இனமாகவே எண்ணப்பட்டது. 1990களின் இறுதியில் வெளிவந்த மூலக்கூறு ஆய்வுகள் அதனை விரிந்த மால்வேசிக் குடும்பத்துள் அடக்கியதோடு, வலம்புரிச் செடியின் அணுக்க உறவாகவும் நிறுவின. தமிழில் வழங்கும் தாவரப் பெயர்கள் இவ்வுறவை எங்குக் காட்டுகின்றன, எங்கு மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அகராதிப் பதிவுகளிலும் இலக்கியத் தாவரங்களை அடையாளங்காணும் முயற்சிகளிலும் கொள்ளத்தக்க நெறிகள் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துரியன், முள்நாறி, வெடிப்பலா, வலம்புரி, பூவரசு, இலவு, கோங்கு, மால்வேசி, தாவரப் பெயரியல்

முன்னுரை

துரியன் தென்கிழக்காசிய மழைக்காடுகளுக்கு உரிய மரம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் அதனை டுரியான் என்றும் முள்நாறி என்றும் வழங்குவர். முள்நாரி என எழுதும் வழக்கும் உண்டு. தமிழகத்தில் நீலகிரி மலைச்சரிவிலுள்ள பர்லியாறு அரசுப் பழப்பண்ணையில் இம்மரங்கள் காய்க்கின்றன. ஆண்டில் சில திங்கள் வறண்டு கிடக்கும் காவிரிப் படுகை துரியனுக்கு ஏற்ற நிலமன்று.

ஆயினும் துரியனின் உறவினங்கள் படுகையெங்கும் பரவியுள்ளன. வாய்க்கால் கரையில் நிற்கும் பூவரசு, வரப்போரத்துத் துத்தி, நெல் தரிசில் விதைக்கப்படும் பருத்தி, கொல்லையில் காய்க்கும் வெண்டை, வேலியோரச் செம்பருத்தி, மெத்தைக்குப் பஞ்சு தரும் இலவு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளரும் கொக்கோ, நாட்டு மருந்துக்கடையில் விற்கும் வலம்புரிக்காய் ஆகிய அனைத்தும் இன்றைய வகைப்பாட்டில் துரியனோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உருவத்தாலும் பயனாலும் இத்துணை வேறுபட்டவற்றை இணைக்கும் அடிப்படை யாது என்பதும், அவ்வடிப்படையைத் தமிழ்ப் பெயர்கள் உணர்த்துகின்றனவா என்பதும் பெயராய்வுக்கு இன்றியமையாத வினாக்கள்.

1. தரங்கம்பாடியில் இணைந்த இரு துறைகள்

தாவரவியலும் தமிழ் அகராதியியலும் காவிரிப் படுகையில் ஒருகாலத்தில் ஒருவர் கையிலேயே இருந்தன. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்காட் கூனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் இணைந்த லின்னேயசின் இருசொற்பெயர் முறை அவர் வழியாக இம்மண்ணில் வேரூன்றியது. 1778 முதல் 1780 வரை அவர் சயாமுக்கும், துரியன் விளையும் மலாக்காவுக்கும் பயணம் மேற்கொண்டார்.

1776இல் தரங்கம்பாடிக்கு வந்த யோகான் பீட்டர் ராட்லர் இம்மரபைத் தொடர்ந்தார். தென்னிந்தியத் தாவரங்களை உலர்த்திச் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பிய அவரே, 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியருமாவார். அவர் 1836இல் மறைந்தபின் பிறர் அதனை நிறைவு செய்தனர். செடியையும் சொல்லையும் ஒருசேரத் தொகுத்த அத்தகைய புலமை பின்னர்த் தொடரவில்லை. தாவரவியல் தன் குடும்ப எல்லைகளைப் பன்முறை மாற்றிக்கொண்டது. அகராதிகளும் உரைகளும் பழைய அடையாளங்களையே பெரிதும் எடுத்தாண்டு வந்தன.

2. குடும்ப எல்லைகள் மாறிய வரலாறு

ஆம்பன் தீவின் தாவரங்களை விரித்தெழுதிய ரம்பியசின் நூல், அவர் மறைவுக்குப் பின் 1741இல் வெளிவரத் தொடங்கியது. துரியனைப் பற்றிய விரிவான பழைய குறிப்புகளுள் ஒன்று அதில் உள்ளது. மிசேல் அடன்சன் 1763இல் தியூரியோ என்னும் பேரினத்தை நிறுவினார். முள்ளைக் குறிக்கும் ‘துரி’ என்னும் மலாய்ச் சொல்லே அதன் மூலம். சிற்றினப் பெயரான சிபெத்தினஸ் என்பது புனுகுப் பூனையைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. முள்ளும் மணமும் இணைந்த இப்பெயரமைப்பு, முள்நாறி என்னும் தமிழ்ப் பெயரோடு பொருளால் ஒத்திருக்கிறது. ‘நாறு’ என்னும் வினை பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்ததாதலால், முள்நாறி என்பதில் இகழ்ச்சி மட்டுமே உண்டெனக் கொள்ள வேண்டியதில்லை.

பெந்தம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டில் மால்வேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி என மூன்று குடும்பங்கள் அமைந்தன. அவர்கள் இலவையும் துரியனையும் மால்வேசியின் உட்பிரிவாகவே வைத்தனர். பின்வந்தோர் பலர் அவ்வுட்பிரிவைப் பாம்பகேசி எனத் தனிக் குடும்பமாக்கினர். அதனால் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் பருத்தி மால்வேசியிலும், இலவும் துரியனும் பாம்பகேசியிலும், கொக்கோவும் வலம்புரியும் ஸ்டெர்குலியேசியிலும், சணல் டிலியேசியிலும் இடம்பெற்றன.

இந்நான்கின் எல்லைகளும் உறுதியற்றவை என்பது தாவரவியலார் அறிந்ததே. முற்றிய கனியின் தன்மை, மகரந்தப்பையின் அறைகள், மகரந்தத்தாள்களின் இணைவு ஆகியவற்றுள் எதனை அளவுகோலாகக் கொண்டாலும் சில பேரினங்கள் இரு குடும்பங்களுக்கு நடுவே நின்றன. 1990களின் இறுதியில் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகள், மால்வேசி நீங்கலான மூன்றும் இயற்கையான கூட்டங்கள் அல்ல என நிறுவின. 1998இல் வெளிவந்த பூக்குந்தாவரத் தொகுதிமரபுக் குழுவின் வகைப்பாடு நான்கையும் மால்வேசி என்னும் ஒரே பெயரின்கீழ் இணைத்தது. விரிந்த இக்குடும்பம் ஒன்பது துணைக்குடும்பங்களும் ஏறத்தாழ 4,200 சிற்றினங்களும் கொண்டது.

இவ்விணைப்புக்குக் கண்ணாற் காணும் சான்றுகளும் உள. மொட்டில் புல்லிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்றல், புல்லியின் உட்புற அடியில் நெருங்கிய மயிர்களாலான தேன்சுரப்பி அமைதல், விண்மீன் வடிவ மயிர்கள் காணப்படுதல், பட்டை நாராக உரிதல், உறுப்புகளில் வழவழப்பான பசைப்பொருள் ஊறுதல் ஆகியன இக்குடும்பத்தின் பொதுக் கூறுகள். நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்பும், தலைக்குத் தேய்க்க அரைக்கும் செம்பருத்தி இலையின் வழுவழுப்பும் இப்பசைப்பொருளே. துரியன் இலையின் அடிப்புறம் பொன்னிறமாக மின்னுவதற்கு அங்குச் செறிந்த செதில்கள் காரணம்.

3. துரியனின் அணுக்க உறவு

மறுவரையறையின் வியப்பூட்டும் முடிவு குடும்பங்களின் இணைப்பன்று. அதன் உட்பகுப்பே ஆகும். இலவும் துரியனும் பெருமரங்கள். இரண்டும் வெடித்துத் திறக்கும் பெரிய கனிகளை உடையன. இவ்வொற்றுமை பற்றியே அவை ஒன்றாக வைக்கப்பட்டன. மரபணுச் சான்றோ இலவையும் பொந்தன்புளி எனப்படும் பெருக்க மரத்தையும் பருத்திக்கு அருகில் கொண்டு சென்றது. துரியனை அவற்றிலிருந்து பிரித்து, ஹெலிக்டெரஸ் ஐசோரா என்னும் வலம்புரியோடு ஒரே துணைக்குடும்பத்தில் அமைத்தது.

வலம்புரி புதராக வளரும் சிறு தாவரம். அதன் ஐந்து காய்ப்பிளவுகளும் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக் கிடக்கும். முறுக்கின் திசை நோக்கி வலம்புரி, இடம்புரி என்பர். ஹெலிக்டெரஸ் என்னும் பேரினப் பெயரும் முறுக்கு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததே. ஐசோரா என்பது மலபார்த் தாவர நூல் பதிவுசெய்த வட்டார வழக்கிலிருந்து லின்னேயஸ் எடுத்துக்கொண்டது. கைக்குழந்தைகளுக்கு உரைத்துப் புகட்டும் உரைமருந்தில் வசம்பு, மாசிக்காய், சாதிக்காய் முதலியவற்றோடு வலம்புரிக்காயும் சேர்வதுண்டு. ஆகவே துரியனைக் கண்டறியாத படுகை இல்லங்களிலும் அதன் நெருங்கிய உறவு மருந்துப் பெட்டியில் இருந்துவந்துள்ளது.

வலம்புரியினும் நெருங்கிய உறவு மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. களக்காடு முண்டந்துறை, ஆனைமலைப் பகுதிகளின் பசுமைமாறாக் காடுகளில் ஓங்கி வளரும் வெடிப்பலாவைத் தாவரவியலார் கல்லினியா எக்ஸாரில்லேட்டா என்பர். திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த வில்லியம் கல்லன் பெயரால் ராபர்ட் வைட் இப்பேரினத்தை அமைத்தார். இதன் பூவில் அல்லிதழ்கள் இல்லை. கனி துரியனைப்போல் முள் நிறைந்தது. துரியனில் உண்ணப்படுவது விதையைப் போர்த்திய சதையுறை. அவ்வுறை இதற்கு இல்லை என்பதையே எக்ஸாரில்லேட்டா என்னும் சிற்றினப் பெயர் குறிக்கிறது. மனிதர்க்கு உணவாகாத இம்மரத்தின் பூவும் விதையும் சிங்கவால் குரங்கின் முதன்மை உணவுகளுள் அடங்கும்.

துரியனின் மரபணுத்தொகுதி வரைவு 2017இல் வெளியாயிற்று. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அதில் ஏறத்தாழ 46,000 மரபணுக்களை இனங்கண்டனர். அதனைக் கொக்கோ, பருத்தி ஆகியவற்றின் மரபணுத்தொகுதிகளோடு ஒப்பிட்டதும், கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் நொதிக்குரிய மரபணுக்கள் துரியனில் பெருகியிருப்பதைக் கண்டதும் அவ்வாய்வின் சிறப்புகள். முள்நாறியின் ‘நாற்ற’த்துக்கு இது வேதியியல் விளக்கமாயிற்று.

4. பெயர்கள் காட்டுவனவும் மறைப்பனவும்

தமிழ்ப் பெயர்களை இப்பின்னணியில் நோக்கினால் மூன்று போக்குகள் புலப்படும்.

முதலாவது, கனியின் தோற்றம் பற்றிய பெயர்கள். வெடிப்பலா, ஆனைப்புளி, பொந்தன்புளி என்பன இவ்வகையின. இவற்றின் தலைச்சொற்களான பலாவும் புளியும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பலா ஒரு கூட்டுக்கனி. பல பூக்கள் ஒன்றி உருவாவது. அதன் ஒவ்வொரு முள்முனையும் ஒரு பூவின் எச்சம். துரியனும் வெடிப்பலாவும் ஒற்றைப் பூவிலிருந்து உருவாவன. அவற்றின் முட்கள் சூலகச் சுவரின் வளர்ச்சிகள். பலாக்கனி தானே பிளப்பதில்லை. இவை பிளவுகளாகத் திறக்கின்றன. எனவே வெடிப்பலா என்பதில் ‘பலா’ தோற்ற ஒப்புமையை மட்டும் காட்ட, ‘வெடி’ என்னும் அடைமொழியே தாவரவியல் வேறுபாட்டைத் துல்லியமாகச் சுட்டுகிறது. பெயரிட்டோர் ஒப்புமையோடு வேற்றுமையையும் கண்டிருந்தனர் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, பஞ்சு, பூ ஆகியன பற்றிய பெயர்கள். செம்பருத்தி, பூவரசைக் குறிக்கும் பூப்பருத்தி, கழிக்கரைகளில் வளரும் நீர்ப்பருத்தி ஆகியன பருத்தியின் குடும்பத்தையே உண்மையில் சார்ந்தவை. செம்பருத்தியிலும் பூவரசிலும் பஞ்சு இல்லை. பூவின் அமைப்பே பெயருக்கு அடிப்படை. பஞ்சு மட்டும் அளவுகோலாகும்போது பெயர் பிறழ்கிறது. உத்தாமணிக்கு வழங்கும் வேலிப்பருத்தி என்னும் பெயர் விதையின் பட்டிழை நோக்கியது. பால் வடியும் அக்கொடி எருக்கின் குடும்பத்தது. நாருக்கும் இது பொருந்தும். சணல் மால்வேசியைச் சார்ந்தது. படுகை வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. பெயர்கள் நெருங்கி ஒலிப்பது நார்ப்பயன் ஒத்ததனாலாகும்.

மூன்றாவது, இலையும் மணமும் பற்றிய பெயர்கள். பூவரசு என்பதற்குப் பூக்களின் அரசு எனப் பொருள் கூறுவதுண்டு. அரச மரத்தின் இலைபோன்ற இலையுடைய பூமரம் என்னும் விளக்கமும் பொருந்துவதே. லின்னேயஸ் 1753இல் இதற்கிட்ட பாபுல்னியஸ் என்னும் சிற்றினப் பெயரும் பாப்ளர் மரத்தின் இலையோடு ஒப்புமை கண்டு அமைந்தது. இரு மொழியினரும் தத்தமக்குப் பழகிய மரத்தின் இலையையே ஒப்புக்கு எடுத்தனர். மணத்தைப் பொறுத்தவரை, முள்நாறியும் ஸ்டெர்குலியா ஃபெட்டிடாவுக்கு வழங்கும் பீநாறியும் ஒரே குடும்பத்தில் அமைந்தது தற்செயலே. ‘நாறி’ என முடியும் பெயர்கள் பிற குடும்பங்களிலும் வழங்குகின்றன.

5. அடையாளங்காணலுக்குரிய நெறிகள்

பழந்தமிழ் இலக்கியத் தாவரங்களை அடையாளங்காண்போர்க்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் கோங்கத்தைக் காக்லோஸ்பெர்மம் ரிலிஜியோசம் எனக் கொள்வோர் பலர். இலவோடு மயங்கக் கொண்டோரும் உளர். இம்மயக்கம் தமிழறிஞர்க்கு மட்டும் உரியதன்று. லின்னேயசே அம்மரத்துக்கு முதலில் இட்ட பெயர் பாம்பாக்ஸ் ரிலிஜியோசம் என்பது, அதாவது இலவின் பேரினப் பெயர். இன்று அது மால்வேசிக்குப் புறத்தே வேறொரு குடும்பத்தில், எனினும் அதே மால்வேல்ஸ் வரிசையில் அமைகிறது. விதையைச் சூழும் பஞ்சே இரண்டையும் மயங்கவைத்தது. ஆகவே பாடல் சுட்டுவது பூவின் நிறத்தையா, வடிவத்தையா, பஞ்சையா என்பதைப் பகுத்தறிந்த பின்னரே அடையாளம் துணியப்பட வேண்டும்.

இருசொற்பெயர்களும் மாறுதலுக்கு உட்பட்டவையே. பழைய நூல்களின் பாம்பாக்ஸ் மலபாரிகம் இன்று பாம்பாக்ஸ் சீபா. எரியோடென்ட்ரான் அன்ஃப்ராக்டுவோசம் இன்று சீபா பென்டாண்ட்ரா. முன்னது செம்பூவுடைய முள்ளிலவு. பின்னது மெத்தைப் பஞ்சுக்கு வளர்க்கப்படும் வெள்ளிலவு. புதிய பெயர்கள் இரண்டிலும் ‘சீபா’ வருதலால் இரு மரங்களையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை எளிதில் நேரும். குடும்பப் பெயர்களுக்கும் இதே கவனம் தேவை. கே. எம். மேத்யூ திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலிருந்து 1981 முதல் வெளியிட்ட தமிழகச் சமவெளித் தாவரத் தொகுதி போன்ற அடிப்படை நூல்கள் 1998க்கு முற்பட்டவை. அவற்றின் இனங்காணல் இன்றும் பயனுடையது. குடும்பப் பெயரை மட்டும் இன்றைய வகைப்பாட்டோடு ஒப்பிட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

துரியன் இலவின் இனத்திலிருந்து பிரிந்து வலம்புரியின் இனமாக அறியப்பட்டமை, தோற்றத்தை மட்டும் கொண்டு உறவைத் துணிதல் கூடாது என்பதற்குத் தெளிவான சான்று. தமிழ்ப் பெயர்களுள் பூவமைப்பு நோக்கியவை குடும்ப உறவோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. கனித்தோற்றம், நார், பஞ்சு, மணம் நோக்கியவை குடும்ப எல்லைகளைக் கடக்கின்றன. இது பெயர்களின் குறையன்று. அவை பயன்பாட்டையும் புலனறிவையும் பதிந்த ஆவணங்கள். பெயரின் ஒவ்வொரு சொல்லும் எதனைக் கண்டு இடப்பட்டது என்பதைத் தனித்தனியே ஆராய்தல் தகும்.

அகராதிப் பதிவுகளில் துரியனைப் ‘பலா வகை’ என வரையறுத்தல் தவிர்க்கத்தக்கது. ‘பலாவைப்போல் முள்ளுடைய கனி தரும், மால்வேசிக் குடும்பத்து மரம்’ என்பது ஒப்புமையையும் உறவையும் பிரித்துக் காட்டும். தாவரப் பதிவு ஒவ்வொன்றிலும் இன்றைய இருசொற்பெயர், பழைய இருசொற்பெயர், குடும்பம், அக்குடும்பம் எவ்வகைப்பாட்டின்படி தரப்பட்டது என்னும் குறிப்பு ஆகிய நான்கும் இடம்பெறுமாயின், வகைப்பாடு இனி மாறினும் பதிவு பயன் குன்றாது. சொல்லையும் செடியையும் ஒருசேர நோக்கிய தரங்கம்பாடிப் புலமையின் தொடர்ச்சியாகவும் அது அமையும்.