சந்தாவுக்கு அப்பால்: பாலியல் உள்ளடக்கத் தளங்களில் நுகர்வோர் செலவு – ஒரு விளக்கம்

முன்னுரை

கடந்த ஆண்டு நம்மிடம் பயிலும் இளங்கலை மாணவர் ஒருவர், படிப்பை ஒரு பருவம் ஒத்திவைக்க விரும்புவதாகக் கூறி வந்தார். காரணம் பணம் என்றார். வீட்டில் நெருக்கடியா என வினவியபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தம் வங்கிக் கணக்கறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐந்து மாதங்களில் 4,860 ரிங்கிட், கல்விக்கடன் பணத்திலிருந்து, சந்தா செலுத்திப் பாலியல் படங்களையும் காணொளிகளையும் பார்க்கும் தளம் ஒன்றுக்குச் சென்றிருந்தது. எத்தளம் என்பது இங்குத் தேவையில்லை. அவருடைய இசைவைப் பெற்றே, அடையாளம் தெரியாதவாறு இதனை எழுதுகிறோம்.

அந்த அறிக்கையை அவரோடு அமர்ந்து வரிவரியாகக் கூட்டிப் பார்த்தோம். மாதச் சந்தாவாகச் சென்ற தொகை ஐந்து மாதங்களுக்கும் சேர்த்து 230 ரிங்கிட்டுக்கும் குறைவு. எஞ்சிய 4,600 ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகை நாற்பது, அறுபது, நூற்றுப்பத்து எனச் சிறுசிறு தொகைகளாகக் கரைந்திருந்தது. “மாதம் நாற்பத்தைந்து வெள்ளிதானே, சார்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தாம் செலுத்தும் விலை அதுவே என உண்மையாகவே நம்பியிருந்தார். இந்நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய ஆய்வியல் இதழில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டா என நண்பர்கள் சிலர் ஐயுற்றனர். ஆசிரியர்களின் கதவைத் தட்டும் சிக்கல் ஒன்றினைப் பற்றி ஆசிரியர்கள் படிக்கும் இதழில் எழுதாமல் வேறெங்கு எழுதுவது?

சந்தா என்னும் வாயில்

இவ்வகைத் தளங்களுள் உலகில் பரவலாக அறியப்பட்டது ஒன்லிஃபேன்ஸ் ஆகும். 2016ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பட்ட இத்தளம், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கக் காலத்தில் பெருவளர்ச்சி கண்டது. படைப்பாளர் தம் பக்கத்திற்குரிய மாதச் சந்தாவைத் தாமே வரையறுக்கிறார்; கட்டணப் பக்கமெனில் அது 4.99 அமெரிக்க டாலர் முதல் 49.99 டாலர் வரை அமையும். சந்தாதாரர் செலுத்தும் ஒவ்வொரு தொகையிலும் 20 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்ள, 80 விழுக்காடு படைப்பாளரைச் சேர்கிறது.

சந்தா செலுத்தியவர் உள்ளே சென்றபின் மேலும் இரண்டு வழிகளில் பணம் செலுத்தலாம். ஒன்று, அன்பளிப்பு. மற்றொன்று, பூட்டிய செய்தி. தனிச்செய்திப் பெட்டிக்கு மங்கலாக மறைக்கப்பட்ட படமோ காணொளியோ ஒரு விலையுடன் வந்து சேரும்; விலையைக் கட்டினால் திறக்கும். பெரும்பாலும் ஒரே செய்திதான் நூற்றுக்கணக்கானோருக்குச் செல்கிறது. பெறுபவருக்கோ தமக்கென எழுதப்பட்டதாகவே தோன்றும். சில பக்கங்களுக்குச் சந்தாவே இல்லை. ‘இலவசம்’ என்னும் சொல்லைக் கண்டு உள்ளே நுழைபவர், அப்பக்கத்தின் வருவாய் முழுவதும் பூட்டிய செய்திகளிலிருந்தும் அன்பளிப்புகளிலிருந்துமே கிடைத்தாக வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டணப் பக்கத்தைவிட இலவசப் பக்கத்தில் அதிகம் செலவழித்தவர்கள் உண்டு என்பதில் வியப்பில்லை.

இதன் நிறுவனக் கணக்கினைப் பார்ப்போம். 2024 நவம்பரில் முடிந்த நிதியாண்டில் இத்தளத்தில் நுகர்வோர் செலுத்திய மொத்தத் தொகை ஏறத்தாழ 7.2 பில்லியன் டாலர். நுகர்வோர் கணக்குகள் சுமார் 377 மில்லியன். படைப்பாளர் கணக்குகள் சுமார் 4.6 மில்லியன். வகுத்துப் பார்த்தால் ஒரு நுகர்வோர் கணக்குக்கு ஆண்டுக்கு 19 டாலர்தான் வருகிறது. இது மிகக் குறைந்த சந்தாவின் நான்கு மாதத் தொகைக்கும் சற்றுக் குறைவு. கணக்குத் தொடங்கியோருள் மிகப் பலர் ஒன்றுமே செலுத்துவதில்லை என்பதும், செலுத்துவோருள் சிலரே பெருஞ்சுமையைத் தாங்குகின்றனர் என்பதும் இச்சராசரியிலிருந்து உய்த்துணரத்தக்கவை. நம் மாணவர் அச்சிலருள் ஒருவர். மறுபுறத்தில், படைப்பாளர் பங்கை அவ்வாறே வகுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 டாலரே கிடைக்கிறது. பெயர்பெற்ற சிலரின் பெருவருவாயும் இச்சராசரிக்குள் அடக்கமாதலின், எஞ்சியோர் பெறுவது இதனினும் குறைவு. பணம் செலுத்துவோர் படைப்பாளர்களைச் செல்வந்தர் எனக் கருதிப் பொறாமைப்படுவதும், வறியவர் எனக் கருதி இரங்கி அன்பளிப்பு அனுப்புவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

சிறுசிறு தொகைகள் ஏன் கணக்கில் படுவதில்லை? ஒரு செலவை நாளொன்றுக்கு இத்தனை காசு எனச் சிதறடித்துக் காட்டினால், மக்கள் அதனைத் தேநீர்ச் செலவோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொள்கின்றனர் என்பதை ஜான் கூர்வில் 1998இல் ஆராய்ந்து காட்டினார். தொகை டாலரில் இருக்கும்போது இம்மயக்கம் இரட்டிப்பாகிறது. பதினைந்து என்னும் எண் மனத்தில் பதினைந்தாகவே நிற்கிறது. அறிக்கை வரும்போதுதான் அது ரிங்கிட்டில் பல மடங்கு என்பது தெரிகிறது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதன்மேல் ஏறுகிறது.

பெட்டிக்குள் பேசுபவர் யார்?

மாணவரின் துயருக்குப் பணம் மட்டுமே காரணமன்று. தம் தாயாரின் சிறுநீரக நோயைப் பற்றி அவர் அப்பெண்ணுக்கு இரவுதோறும் எழுதியிருக்கிறார். ஆறுதலான விடைகள் வந்துள்ளன. நான்காம் மாதத்தில் ஒரு நாள், தாயாரை மருத்துவமனையில் சேர்த்த செய்தியை எழுதியபோது, “உங்கள் அம்மாவுக்கு உடல்நலமில்லையா?” என விடை வந்திருக்கிறது. அதன் கீழே பூட்டிய படமொன்று, இருபத்தைந்து டாலர் விலையில். அதனையும் அவர் திறந்திருக்கிறார்.

இதனை விளங்கிக்கொள்ள இத்தொழிலின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். நூற்றுக்கணக்கானோரிடம் இரவுபகலாக ஒருவரே உரையாடுதல் இயலாத செயல். எனவே மேலாண்மை நிறுவனங்கள் தோன்றின. வருவாயில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு, படைப்பாளர் பெயரில் உரையாடக் கூலிக்கு ஆட்களை அவை அமர்த்துகின்றன. இவ்வாட்கள் முறைவைத்துப் பணிபுரிகின்றனர், ஆண்களும் உளர், பிலிப்பீன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து குறைந்த கூலிக்கு எழுதுவோரும் உளர். இந்நடைமுறையை நியூயார்க் டைம்ஸ் 2022இல் விரிவாக எழுதியது. 2024இல் இதழாளர் ஒருவர் தாமே அத்தகைய உரையாடல் பணியில் ஈடுபட்டுப் பார்த்து வயர்ட் இதழில் எழுதினார். அதே ஆண்டில், தாம் யாருடன் பேசுகிறோம் என்பதில் ஏமாற்றப்பட்டதாகக் கூறிச் சந்தாதாரர் சிலர் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். எல்லாப் பக்கங்களும் இவ்வாறே நடைபெறுகின்றன என்பதற்கில்லை. தாமே விடை எழுதும் படைப்பாளர்களும் இருக்கின்றனர். சந்தாதாரரால் இருவகையையும் பிரித்தறிய இயலாது என்பதே சிக்கல்.

தொலைக்காட்சியில் தோன்றுபவரோடு பார்வையாளர் கொள்ளும் ஒருவழி நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்னும் இருவர் 1956இலேயே விளக்கினர். அக்காலத்தில் திரைக்கு அப்பாலிருந்து விடை வருவதில்லை. இன்று விடை வருகிறது; அதற்கு விலையும் இருக்கிறது. பணியின் பொருட்டு உணர்ச்சியைத் தோற்றுவித்தல் என்பதை விமானப் பணிப்பெண்களை முன்னிறுத்தி ஆர்லி ஹோஷ்ஷீல்ட் 1983இல் ஆராய்ந்தார். விமானத்தில் புன்னகைப்பவர் யார் என்பதாவது பயணிக்குத் தெரியும்.

விலையைப் பற்றிய ஏமாற்றத்திற்கு 2020 ஆகஸ்டில் நிகழ்ந்த ஒன்று எடுத்துக்காட்டாகும். அமெரிக்க நடிகை பெல்லா தோர்ன் ஒன்லிஃபேன்ஸில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் பத்து லட்சம் டாலர் ஈட்டினார். 200 டாலர் விலையிட்ட படம் தாங்கள் எதிர்பார்த்தவாறு அமையவில்லை எனப் பலர் பணத்தைத் திரும்பக் கேட்டதாகச் செய்திகள் வெளிவந்தன; அவ்வாறு தாம் உறுதியளிக்கவில்லை என்பது அவர் தரப்பு. அதன்பின் பூட்டிய செய்திக்கு 50 டாலர், அன்பளிப்புக்கு 100 டாலர் எனத் தளம் வரம்பிட்டது. அவ்வரம்பு எந்தவொரு தனிநபரையும் கருதியதன்று எனத் தளம் கூறியபோதும், அடியுண்டவர்கள் சிறு படைப்பாளர்களே. திறக்குமுன் உள்ளிருப்பதை அறிய இயலாத பொருளுக்கு விலை கொடுப்பதிலுள்ள இடர் இந்நிகழ்ச்சியில் தெளிவாகிறது.

தமிழில் இதற்கொரு முன்வடிவம்

விறலிவிடு தூது பயின்றோருக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. 18ஆம் நூற்றாண்டில் செழித்த அவ்விலக்கிய வகையில், தலைவன் மனைவியைப் பிரிந்து கணிகையை நாடிச் செல்வதும், பொருளனைத்தையும் இழந்தபின் விரட்டப்படுவதும், மனைவியிடம் விறலியைத் தூது அனுப்புவதும் பொதுவான கதைப்போக்கு. சுப்ரதீபக் கவிராயரின் கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் பொருள் பறிக்கும் நுட்பத்தைத் திட்டமிடுபவள் கணிகை அல்லள், அவளுடைய தாய். எவரிடம் எவ்வளவு பெறுவது, எப்போது ஊடுவது, எப்போது இரங்குவது என மகளுக்குக் கற்பிக்கும் அத்தாயின் இடத்தில் இன்று மேலாண்மை நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நம் பழைய நூல்கள் பழியைப் பெண்மேல் ஏற்றிவிட்டு ஆடவனை ஏமாளியாக மட்டும் காட்டி நகைக்கின்றன. அப்பார்வை இன்றைய மாணவருக்குப் பயன்படாது. நகைப்புக்கு அஞ்சியே அவர்கள் ஐந்து மாதங்கள் வாய் திறப்பதில்லை.

செலவைக் கட்டுப்படுத்தல்

முதலில் சட்டம். ஆபாசப் பொருளைக் கைவசம் வைத்திருப்பவர்மீது மலேசியத் தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவின்கீழ்க் குற்றஞ்சாட்டப்படலாம். சிங்கப்பூரில் இத்தகைய தளத்தில் உள்ளடக்கம் வெளியிட்ட இளைஞர் ஒருவருக்கு 2022 அக்டோபரில் மூன்று வாரச் சிறையும் 3,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. இதனை அறிந்தும் செலவிடுவோர் இருப்பர். அவர்களிடம் ‘செய்யாதே’ என்று மட்டும் கூறி அனுப்பிவிடுவது எளிது. கடனில் மூழ்கியவருக்கு அது உதவாது.

மாணவருடன் நாம் செய்தவை எளியவை. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தினோம். கட்டிய காலம் முடியும்வரை பக்கம் திறந்திருக்கும்; ஆதலால் சந்தா செலுத்திய அன்றே புதுப்பித்தலை நிறுத்துவதால் இழப்பொன்றுமில்லை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. வங்கி அட்டை விவரத்தைத் தளத்திலிருந்து நீக்கினோம். வாங்கியே தீர்வேன் என்பவருக்கு, மாத வரம்புத் தொகையை மட்டும் நிரப்பிய முன்கட்டண அட்டை ஏற்றது. பணம் தீர்ந்தால் பெட்டி திறக்காது. வரம்பைக் கணக்கிடும்போது சந்தாவையும் செய்திகளையும் அன்பளிப்புகளையும் ஒரே தொகையாக, ரிங்கிட்டில் எழுதுதல் வேண்டும். தளத்திற்கு வெளியே வங்கிப் பரிமாற்றமாகவோ பரிசு அட்டையாகவோ பணம் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அதற்கு எவ்வகைப் பாதுகாப்பும் இல்லை, மிரட்டிப் பணம் பறித்தலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாங்கியவை என்றும் நிலைக்கும் என எண்ணுவதற்குமில்லை. வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்தைத் தடைசெய்யப்போவதாக 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸ் அறிவித்தது. வங்கிகளின் நெருக்குதல் காரணமாகக் கூறப்பட்டது. சில நாள்களிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. இருப்பினும் பார்க்கும் உரிமை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது அன்று புலப்பட்டது.

இவை எல்லாவற்றினும் பயன்பட்டது ஒரு கேள்வி. ஒவ்வொரு கட்டணத்திற்கும் எதிரே, அன்று தாம் வாங்கியது படமா, மறுமொழியா எனக் குறிக்கச் சொன்னோம். இரு நாள்களில் அறிக்கையைக் குறித்துக்கொண்டு வந்தார். பத்தில் எட்டு இடங்களில் ‘மறுமொழி’ என்றிருந்தது. படங்கள் பலவற்றை அவர் ஒரு முறைக்குமேல் பார்த்ததேயில்லை. கட்டணம் செலுத்தினால் அன்றிரவு யாரோ பேசுவர் என்பதற்காகவே பணம் சென்றிருக்கிறது. பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவில் கட்டணமின்றிப் பேசலாம் எனச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சென்றார்.

பருவத்தை ஒத்திவைக்காமல், பகுதிநேர வேலை செய்து கடனை அடைத்து வருகிறார். அண்மையில் மீண்டும் வந்து, தாயாரைப் பற்றி எழுதியவற்றை எப்படி அழிப்பது எனக் கேட்டார். கணக்கையே மூடிவிடும் வழியைக் காட்டினோம். அச்செய்திகளை இதுவரை எத்தனை பேர் படித்திருப்பர், அவர்கள் யாவர் என்னும் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.