நான்கு கைப்பேசிகள், ஒரே பால்மரம்

விடுமுறை வந்தால் நண்பர்களோடு எங்காவது போய்ப் படம் எடுத்து வருவது உங்களில் பலருக்கு வழக்கம். போர்ட்டிக்சன் கடற்கரை, உலு பெண்டுல் ஆறு, அங்சி மலை என நெகிரி செம்பிலானில் இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால், நாம் காரில் கடந்து போய்விடும் ஓர் இடம் உண்டு. அதுதான் தோட்டம். ரந்தாவ், லாபு, லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையின் இரு புறமும் ரப்பரோ செம்பனையோ நிற்கும். உங்கள் தாத்தா பாட்டி பிறந்த லயம்கூட அங்கே இருந்திருக்கலாம்.

அடுத்த பயணத்துக்கு ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நண்பர்கள் ஒரே பால்மரத்தின் முன் நின்று, ஒரே நிமிடத்தில் ஆளுக்கு ஒரு படம் எடுங்கள். பிறகு நான்கு கைப்பேசிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் இலை மஞ்சளாகத் தெரியும். இன்னொன்றில் பட்டை நீலம் பூத்திருக்கும். மூன்றாவதில் பின்னால் நடந்து போனவர் கலங்கிப் போயிருப்பார். நான்காவதில் நண்பனின் முகமே கறுத்திருக்கும். மரம் ஒன்று, வெளிச்சம் ஒன்று, படம் மட்டும் ஏன் நான்கு? இதற்கு விடை தேடினால் வகுப்பில் படித்த இயற்பியலும் உயிரியலும் தோட்டத்திலேயே கிடைக்கும்.

பொன்னொளிக்கு 24 நிமிடம்

காலைச் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிவிடுகிறது. சிவப்பும் மஞ்சளும் அதிகமாக நம்மை வந்து சேர்கின்றன. படம் எடுப்பவர்கள் காத்திருக்கும் பொன்னொளி இதுதான். சூரியன் ஏறத்தாழ 6 பாகை உயரத்தைத் தாண்டும்வரை அது நீடிக்கும்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். சிரம்பான் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பதால், சூரியன் இங்கே ஏறத்தாழ செங்குத்தாக மேலே ஏறுகிறது. 6 பாகை ஏற 24 நிமிடமே போதும். லண்டனில் ஜூன் மாதத்தில் அது சாய்வாக ஏறுவதால், இதைப் போல இரு மடங்கு நேரம் ஆகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘பொன்னொளி ஒரு மணி நேரம்’ என்று படித்துவிட்டு இங்கே மெதுவாகக் கிளம்பினால் ஏமாந்து போவீர்கள். பிப்ரவரியில் சூரியன் ஏழரை மணிவாக்கில் உதிக்கும். எட்டு மணிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

நண்பகல் படம் ஏன் அழகாக வருவதில்லை என்பதற்கும் காரணம் இதே கணக்குதான். மார்ச் 27, செப்டம்பர் 16 ஆகிய நாள்களை ஒட்டி, சிரம்பானில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண் குழிந்து தெரியும். ஆனால் கடிகாரம் 12 காட்டும்போது அல்ல. ஒரு மணிக்கு மேல்தான் அது நடக்கும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். தாத்தாவின் பழைய படத்தில் நிழலைப் பார்த்து நேரம் கணிக்க முயல்பவர்கள் இந்த அரை மணியை மறக்கக்கூடாது.

இருட்டில் நடக்கும் வேலை

தோட்டத்தின் முக்கியமான காட்சி வெளிச்சம் மிகக் குறைவான வேளையில்தான் நடக்கிறது. பால் வெட்டு விடியும் முன்பே தொடங்கும். இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் ஆவியாவதில்லை. அதனால் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பாலும் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் முன்னோர் நிரைக்குள் நுழைந்தது இதனால்தான்.

கேமராவின் உணரிக்கு இது கடினமான நேரம். ஒளித்துகள்கள் போதாததால் கைப்பேசி ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. 1/15 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். படம் கலங்காமல் என்ன செய்யும்? 1/500 வினாடி என்றால் நகர்வது 2 மில்லிமீட்டர்தான். மங்கிய வெளிச்சத்தில் உங்கள் கையும் ஆடக்கூடாது. மரத்தில் சாய்ந்து நில்லுங்கள். இல்லையென்றால் நண்பனின் தோளில் கைப்பேசியை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேராகப் போவதில் இதுவும் ஒரு வசதி.

பச்சைக்கு இரண்டு பங்கு

உங்கள் கேமராவின் உணரி தனியாக நிறம் அறியாது. வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும். அதனால் ஒவ்வொரு படப்புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்ற அறிவியலாளர் இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். அவர் அமைப்பில் ஒவ்வொரு நான்கு புள்ளிகளிலும் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு. வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சையை என்பதால் இந்தப் பங்கீடு.

செம்பனை நிழலில் நின்றால் பச்சையே சிக்கலாகிறது. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிவிட்டுப் பச்சையைக் கீழே கசியவிடும். ‘காட்சியில் எல்லா நிறமும் சரிசமமாக இருக்கும்’ என்று எண்ணிச் செயல்படும் கேமரா, இந்தப் பச்சையைத் தவறு என்று நினைத்து, அதைக் குறைத்து ஊதா கலந்த சிவப்பைச் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் கைப்பேசியும் இந்தக் கணக்கை ஒவ்வொரு விதமாகப் போடுகிறது. நான்கு படங்களில் நான்கு நிறம் வந்தது இதனால்தான். ஒரு வெள்ளைத் தாளை முதலில் அதே நிழலில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகும்வரை நிறத்தைச் சரி செய்தால், மற்ற படங்களுக்கும் அதே அளவு பொருந்தும்.

முகம் ஏன் கறுக்கிறது?

பின்னால் பளிச்சென்ற வானம், முன்னால் மாநிறமான முகம். கேமரா காட்சி முழுவதற்கும் சராசரி வெளிச்சம் கணக்கிட்டு, வானத்துக்கு ஏற்ப அளவைக் குறைக்கிறது. முகம் இருளில் மூழ்குகிறது. குற்றம் முகத்தில் இல்லை, கணக்கில்தான். திரையில் முகத்தின் மீது விரலால் தொடுங்கள், கணக்கு மாறும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், அச்சிடும் கடைகள் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. பல ஆண்டுகள் அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த தோல் கொண்டவர்கள் படத்தில் துலங்காமல் போனதற்கு இந்த அளவுகோலும் ஒரு காரணம். வீட்டுப் பழைய படத்தில் பாட்டியின் முகம் தெளிவாக இல்லையென்றால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பால்மர வெட்டு ஒரு சாட்சி

பழைய தோட்டப் படம் ஒன்று கிடைத்தால், மரத்தில் உள்ள வெட்டை முதலில் பாருங்கள். மரத்தை நோக்கி நிற்பவருக்கு அது இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கும். பாலும் கூடுதலாகக் கிடைக்கும்.

படத்தில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்கினால்? அந்தப் படம் பெரும்பாலும் இடவல மாற்றமாக அச்சிடப்பட்டிருக்கும். பிலிமைத் திருப்பி வைத்து அச்சிட்டால் அப்படி ஆகும். சில கைப்பேசிகளின் முன்பக்கக் கேமராவும் கண்ணாடியைப் போல் இடவலம் மாற்றிப் பதிவு செய்கிறது. படத்தில் எழுத்து எதுவும் இல்லாவிட்டாலும் பால்மரமே உண்மையைச் சொல்லிவிடும்.

எப்போது போகலாம்?

ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட மாதங்களில், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என நிறம் மாறி, மரங்கள் மொட்டையாகி, சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும். இலையுதிர்காலம் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒரே மரத்தை வாரம் ஒரு முறை படம் எடுத்தால், எந்த வாரம் இலை கொட்டியது, எந்த வாரம் துளிர்த்தது என்ற பதிவு உங்கள் கையில் இருக்கும்.

அதே மாதங்களில் தஞ்சோங் துவானுக்கும் போகலாம். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே உள்ள இந்த முனை, நிர்வாகத்தில் மலாக்காவைச் சேர்ந்தது. மலாக்கா நீரிணை இங்கே குறுகி, சுமத்ராவின் பக்கம் உள்ள ரூபாட் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. தேன் பருந்து போன்ற வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் வழியில் இங்கே கரை சேர்கின்றன. நிலத்தின் மேல் எழும் வெப்பக் காற்றில் சிறகடிக்காமல் மிதந்து செல்லும் பறவைகள் அவை. கடலின் மேல் அந்தக் காற்று வலுவாக எழாததால் குறுகலான இடம் பார்த்துக் கடக்கின்றன. களைத்துத் தாழப் பறந்து வரும்போது படம் எடுப்பது எளிது. ஷட்டர் வேகம் 1/1000 வினாடி வைத்துப் பாருங்கள். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே பருந்து காணும் நிகழ்வை நடத்தி வருகிறது. கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

அதே இடம், அதே கோணம்

1880களின் இறுதியில் செபாஸ்டியன் பின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைக் குறிப்பிட்ட இடங்களில் நின்று படம் எடுத்து அளந்தார். பிற்காலத்தில் வந்தவர்கள் அதே இடத்தில் நின்று எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, பனி எவ்வளவு பின்வாங்கியது என்று கணக்கிட முடிந்தது. ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது இன்று அறிவியலில் ஒரு முறையாகவே வளர்ந்திருக்கிறது.

நம் தோட்டங்களுக்கு இது மிகவும் தேவை. ரப்பர் இருந்த இடங்களில் 1960களிலிருந்து செம்பனை பரவியது. செம்பனையும் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படுகிறது. நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்டம் இருந்த இடம் வீடமைப்பாக மாறிவிட்டது. லயம், பெரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் எங்கே இருந்தன என்று கேட்டால் வயதானவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டும் திசையில் பேரங்காடி நிற்கும்.

எனவே, எளிதில் அழியாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். கோயில் வாசல்படி, பாலத்தின் மூலை, கிணற்றடி எதுவாகவும் இருக்கலாம். எங்கே நின்றீர்கள், எந்தத் திசையைப் பார்த்தீர்கள், கைப்பேசி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, தேதி, நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். படத்தைப் பெரிதாக்காமல் 1 மடங்கிலேயே எடுங்கள். ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு என்று பிரித்துக்கொண்டால் நான்கு பேரில் ஓர் இடத்தின் நாற்புறமும் பதிவாகிவிடும். ஆண்டுதோறும் அதே நாளில் திரும்பப் போங்கள். ஒருவருக்கு வர முடியாவிட்டாலும் குறிப்பேடு இருந்தால் இன்னொருவர் அவர் இடத்தில் நிற்கலாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கும்; கோப்பில் பதிவான இடக் குறிப்பும் நீங்கிவிடும். நண்பர்களுக்குள் மூலப் படத்தைக் கோப்பாக அனுப்பி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஆனால், பொதுவில் போடும்போது இடக் குறிப்பை நீக்குவதே நல்லது. யாருடைய வீடு எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

போகும் முன்

தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் அனுமதி கேட்டு, பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். செம்பனைக் குலை 20 கிலோவுக்கும் மேல் இருக்கலாம். அறுவடை நடக்கும் மரத்தின் கீழ் நிற்காதீர்கள். எலிகளைத் தேடி நாகமும் வரும் என்பதால் மூடிய காலணி அவசியம். எலிகளைக் கட்டுப்படுத்த ஆந்தைகளுக்குக் கூண்டு வைத்திருப்பார்கள். அதன் முன் பிளாஷ் அடிக்க வேண்டாம்.

வேலை செய்பவரைப் படம் எடுக்கும் முன், “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருந்தால் மலாயில் கேளுங்கள். பிறகு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய தோட்டப் படங்கள் பலவற்றில் துரையின் பெயர் இருக்கும். வரிசையாக நிற்கும் தொழிலாளர்களின் பெயர் இருக்காது. அவர்கள் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் படத்துக்கு அந்த நிலை வரக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பாட்டியிடம் காட்டுங்கள். அவர் தம் பெட்டியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்தால், அதில் இருப்பவர்களின் பெயரை அன்றைக்கே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள்.